லெமுவல் டாகெட் இரவல் வாங்கிய மண்வெட்டி

லெமுவல் டாகெட் தன் வாழ்நாளில் யாரிடமும் எதையும் இரவல் வாங்கியதில்லை. இதை அவரே சொல்வார். கேட்டால் சொல்வார், கேட்காவிட்டால் இன்னும் கொஞ்சம் உரக்கச் சொல்வார். மிசௌரியில் அவர் பிறந்தபோது, பக்கத்து வீட்டுத் தொட்டிலைக் கேட்டு வாங்க மனம் வராத அவருடைய அம்மா, பன்றிக்குத் தீனி வைக்கும் மரத்தொட்டியைக் கழுவி அதில் போட்டு வளர்த்தாராம். "பன்னித்தொட்டின்னாலும் சொந்தத் தொட்டி" என்று மார்தட்டிக்கொள்வார்.

பள்ளிக்கூடம் மூன்று வாரம். நான்காவது வாரம் வாத்தியாருக்குக் காய்ச்சல் கண்டது. அவர் தேறி எழுந்து வருவதற்குள் லெமுவல் ஏர் பிடிக்கவும், கோவேறு கழுதைக்கு லாடம் அடிக்கவும் கற்றுக்கொண்டுவிட்டார். அதற்குமேல் அந்த வாத்தியாரிடம் கற்றுக்கொள்ள என்ன இருந்தது? தன் பெயரை எழுத ஒரு பெருக்கல் குறி போடுவார். அந்தக் குறியை இவரைப்போல் அழுத்தமாகப் போட்டவர் மிசௌரியில் எவரும் இல்லை.

மெக்சிகோவோடு சண்டை என்று ஆள் சேர்த்த வருஷம் அவருக்கு இருபத்துமூன்று வயது. கிளம்பிவிட்டார். பட்டாளம் அவர் கையில் துப்பாக்கியைக் கொடுக்கவில்லை, சாட்டையைக் கொடுத்தது. எட்டுக் கழுதை பூட்டிய வண்டி. துப்பாக்கி பிடித்தவனைத்தான் ஊர் வீரன் என்கிறது. அந்தத் துப்பாக்கிக்கு மருந்தையும், அவன் வயிற்றுக்கு மாவையும் ஆயிரம் மைல் மணலில் இழுத்துக்கொண்டு போனது யாராம்? அதை எந்தத் தளபதியும் சொல்லவில்லை. அதனால் லெமுவலே சொல்லிக்கொள்ள வேண்டியதாயிற்று.

காயமும் பட்டது. இடது தொடையில், மெக்சிகோவின் சிவாவா நகருக்கு வெளியே, ஒரு செவ்வாய்க்கிழமை. "பீரங்கிக் குண்டு" என்பார். குண்டுக்கு நான்கு கால் இருந்தது, பேஷன்ஸ் என்று ஒரு பெயரும் இருந்தது. பேஷன்ஸ் என்றால் பொறுமை. அந்தக் கோவேறு கழுதைக்கும் பொறுமைக்கும் ஏழாம் பொருத்தம். சண்டை முடிந்ததும் பட்டாளம் பாக்கிக் கூலிக்குப் பதில் அதே கழுதையை அவர் தலையில் கட்டியது. உதைத்த கழுதையை வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. "பட்டாளத்துல என்னை நேருக்கு நேரா எதுத்து நின்னது இது ஒண்ணுதான்" என்று கூடவே ஓட்டிக்கொண்டு போனார்.

சண்டையில் அவருக்குக் கிடைத்த இன்னொரு சொத்து, ஒரு புத்தகம். ஆட்கள் ஓடிப்போன ஒரு பெரிய பண்ணையில், கழுதைக் கொட்டிலில், வைக்கோலுக்கு அடியில் கிடந்தது. தடித்த தோல் அட்டை, முதுகில் பொன் எழுத்து, முதல் பக்கத்தில் சிவப்பாக ஏதோ முத்திரை. பார்த்ததும் லெமுவலுக்குப் பட்டுவிட்டது: இது மெக்சிகோ தேசத்துச் சட்டப்புத்தகம். கழுதைக் கொட்டிலில் கிடந்த புத்தகம் எதைப் பற்றியதாக இருக்கும் என்ற யோசனை அவருக்கு வரவில்லை. உள்ளே ஓரிடத்தில் ஒரு கழுதைப் படம் இருந்தது உண்மைதான். அந்த இரண்டு பக்கத்தையும் மாவுப் பசை போட்டு ஒட்டிவிட்டார். சட்டத்துக்கு நடுவே கழுதை நிற்பது மரியாதையாக இல்லை என்று.

கலிபோர்னியாவில் தங்கம் என்ற செய்தி தெற்கே மெக்சிகோவுக்கு வந்தபோது, அங்குள்ள சொனோராச் சீமைக்காரர்கள் கூட்டம் கூட்டமாக வடக்கே கிளம்பினார்கள். ஊர் திரும்பாமல் அங்கேயே இருந்த லெமுவலும் அவர்களோடு சேர்ந்துகொண்டார். பாலைவனம் நெடுக அவருக்கு வழித்துணை செஃபெரினோ என்ற சேணம் தைக்கிறவர். குடிக்கத் தண்ணீர் இல்லாத ஒரு மத்தியானம், நிழலில் உட்கார்ந்து அந்தப் புத்தகத்தை வாங்கிப் புரட்டிப் பார்த்தார் செஃபெரினோ. லெமுவல் முகத்தைப் பார்த்தார். புத்தகத்தைப் பார்த்தார். பிறகு துணியில் சுற்றித் திருப்பிக் கொடுத்துவிட்டு, "நல்ல பொஸ்தகம், தோன் லெமுவல். பத்திரமா வச்சுக்கங்க" என்று மட்டும் சொன்னார். ஐயா என்பதற்கு அவர்கள் பாஷையில் தோன்.

அவர்கள் வந்து சேர்ந்த முகாமின் பெயர் கரிஞ்சசட்டி. முதலில் வந்தவன் பன்றிக்கறியைத் தீய்த்தான், பெயர் ஒட்டிக்கொண்டது. அந்த ஓடைக்கு அதற்கு முன்பே ஒரு பெயர் இருந்தது. அதை வைத்த பூர்வகுடிகள் மலைக்கு மேலே துரத்தப்பட்டிருந்தார்கள். அவர்களிடம் யாரும் சட்டம் கேட்கவில்லை. முகாமில் நூற்றுநாற்பது ஆண்கள், ஒரு பெண், ஒரு ஓக் மரம். மரத்தில் ஒரு பலகை. பலகையில் எல்லோரும் கை தூக்கி வைத்துக்கொண்ட சட்டம்.

ஆளுக்குப் பதினைந்தடிக் குழி ஒன்று. குழியில் கருவி நிற்கும்வரை குழி அவனுடையது. பத்து நாள் வரை எங்கு வேண்டுமானாலும் போய்வரலாம். கருவி இல்லாத குழி மூன்று நாள் கிடந்தால் அது யாருக்கும் சொந்தமில்லை. முதலில் வந்து மண்வெட்டியை ஊன்றுகிறவன் எடுத்துக்கொள்ளலாம். அவ்வளவுதான். பத்திரம், முத்திரை, கையெழுத்து எல்லாம் அந்த மண்வெட்டியே. உள்ளங்கை அகலத் தங்கம் கிடைக்கிற குழியை, துருப்பிடித்த ஒரு மண்வெட்டியை நம்பி விட்டுவிட்டு மலையிறங்கிப் போவார்கள். திரும்பி வந்தால் இரண்டும் அப்படியே இருக்கும்.

சட்டம் இருந்தால் தீர்ப்புச் சொல்ல ஆள் வேண்டுமே. நாட்டாமையை அந்தச் சீமையில் அல்கால்டே என்பார்கள். மெக்சிகோக்காரர்கள் வைத்த பெயர். மண்ணைப் பிடுங்கிக்கொண்டவர்கள் பெயரை மட்டும் விட்டுவைத்தார்கள். யாரைப் போடலாம் என்று கூட்டம் யோசித்தபோது, லெமுவல் நொண்டிக்கொண்டே ஓக் மரத்தடிக்கு வந்து, துணியைப் பிரித்து, புத்தகத்தை ஒரு பீப்பாயின் மேல் தொப்பென்று வைத்தார். அந்தச் சத்தத்திலேயே நூற்றுப்பதினேழு கை உயர்ந்தது.

தீர்ப்பும் நன்றாகவே சொன்னார். இரண்டு பேர் சண்டையென்று வந்தால் இருவரையும் பேசவிட்டு, புத்தகத்தைத் திறந்து, ஒரு வரியில் விரலை ஓட்டி, "ம்ம்ம்" என்பார். பிறகு தன் புத்திக்கு எது நியாயமோ அதைச் சொல்வார். முப்பது வருஷம் படித்துவிட்டு வந்து, கேட்டதற்குப் பதில் சொல்லாமல் தொண்டையைக் கனைக்கிற நீதிபதிகளும் உலகத்தில் இருக்கிறார்கள். லெமுவல் உட்கார்ந்த எட்டு மாதத்தில் கரிஞ்சசட்டியில் ஒரு கொலை இல்லை. செஃபெரினோவை வெளிநாட்டான் என்று விரட்ட நான்கைந்து பேர் வந்தபோதும், "பொஸ்தகம் அவர் பாஷையில இருக்கு, அவரை எப்படிடா வெளிநாட்டான்னு சொல்றது?" என்று ஒரே கேள்வியில் அனுப்பிவிட்டார். அதனால்தான் செஃபெரினோ அந்தப் புத்தகத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை.

முகாமின் ஒரே பெண் பர்மீலியா ஹாப்டே. ஒஹையோக்காரி. புருஷன் ஆன்சல் வழியிலேயே காய்ச்சலில் போய்ச்சேர்ந்தார். அவர் விட்டுப்போனது ஒரு இரும்பு அடுப்பு, ஒரு மண்வெட்டி. மண்வெட்டிப் பிடியில் சூட்டுக்கம்பியால் ஒரு மீன் போட்டிருந்தார் ஆன்சல். அந்த அம்மாள் காலையில் ஓடை வளைவில் தன் குழியைத் தோண்டுவார். மத்தியானத்துக்கு மேல் உலர்ந்த ஆப்பிளை மாவுக்குள் வைத்து, பை என்ற பலகாரம் சுடுவார். நூற்றுநாற்பது பேரும் தோண்டியது தங்கத்துக்கு என்று சொல்லிக்கொண்டாலும், பொழுது சாய்வதை எதிர்பார்த்தது அந்தப் பைக்காகத்தான்.

ஒரு வியாழக்கிழமை மாவு தீர்ந்தது. பர்மீலியா அம்மாள் மண்வெட்டியைக் குழியில் ஊன்றிவிட்டு, மாவும் ஆப்பிளும் வாங்கி வர சாக்ரமெண்டோவுக்குக் கிளம்பினார்.

"ஒம்பது நாள்ல வந்துருவேன், அல்கால்டே. குழியைக் கொஞ்சம் பாத்துக்கங்க" என்றார்.

"நான் இருக்கேன்ல அம்மா? இந்த லெமுவல் இருக்கிற ஊர்ல ஒரு துரும்பு நகராது" என்றார் இவர்.

அன்று மத்தியானமே துரும்பு நகர்ந்தது. நகர்த்தியவர் லெமுவல்.

குற்றம் பேஷன்ஸ் மேல். வியர்வை உப்பு ஊறிய மரப்பிடி என்றால் அதற்குக் கரும்பு மாதிரி. லெமுவலின் மண்வெட்டிப் பிடியை நக்கி, கடித்து, பாதியில் ஒடித்துத் தின்றுவிட்டது. கொட்டிலிலோ மழையில் ஊறிய சாணம் முழங்கால் அளவு. யாரையாவது ஒரு மண்வெட்டி கேட்கலாம். ஆனால் லெமுவல் டாகெட் இரவல் கேட்பதா? ஓடைப்பக்கம் நடந்து பார்த்தார். வளைவில், பெரிய பாறை மறைவில், ஒரு மண்வெட்டி சும்மா நின்றுகொண்டிருந்தது. கேட்க வேண்டிய ஆளும் ஊரில் இல்லை. அரைமணி நேர வேலை. கேட்காமல் எடுத்தால் இரவல் ஆகாது என்று தனக்குத் தானே ஒரு தீர்ப்புச் சொல்லிக்கொண்டு எடுத்து வந்தார். சாணத்தை அள்ளி முடிப்பதற்குள் இரண்டு பேர் ஒரு தண்ணீர்ச் சண்டையோடு வந்தார்கள். மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டுப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு போனார். பேஷன்ஸ் அதைத் தள்ளிவிட்டு, மேலே வைக்கோலை இழுத்துப் போட்டுப் படுத்துக்கொண்டது. பிறகு அந்த மண்வெட்டி லெமுவல் நினைவுக்கே வரவில்லை.

ஐந்தாம் நாள் வின்ஸ்லோ த்ரிப் வந்து சேர்ந்தான். பாஸ்டன்காரன். கழுத்துப்பட்டை வெள்ளை, நகம் சுத்தம், சட்டப்படிப்பு இரண்டு வருஷம், லத்தீன் நான்கு வருஷம். வந்ததும் ஓக் மரத்துப் பலகையை வரி விடாமல் படித்தான். அந்த முகாமில் அதை அப்படிப் படித்த முதல் ஆள் அவன்தான். ஓடை வளைவுக்குப் போனான். கருவி இல்லாத குழி. விசாரித்தால் சொந்தக்காரர் யாரென்று சொல்லிவிடுவார்கள் என்று விசாரிக்கவில்லை. தன் புது மண்வெட்டியை ஊன்றிவிட்டான். பெரிய பாறைக்கு அந்தப் பக்கம் என்பதால் யாரும் கவனிக்கவில்லை.

சொன்னபடி ஒன்பதாம் நாள் பர்மீலியா அம்மாள் வந்தார். நேராகக் குழிக்குப் போனார். அங்கே அவர் போட்ட கத்தல் முகாம் முழுக்கக் கேட்டது.

மறுநாள் ஞாயிறு. ஓக் மரத்தடியில் கோர்ட். பீப்பாயின் மேல் புத்தகம், அதன் பின்னால் லெமுவல். பன்னிரண்டு பேர் ஜூரி. அதற்குத் தலைவர் எனோக் பிராட். திமிங்கில வேட்டைக் கப்பலிலிருந்து ஓடிவந்தவர், குரலும் கப்பல் சங்கு மாதிரிதான்.

த்ரிப் எழுந்ததும் முதல் வேலையாக ஜூரியைக் காட்டினான். "ஐயா, இந்தப் பன்னெண்டு பேரும் தினம் இந்தம்மா கையால சாப்பிடுறவங்க. இவங்க எப்படி நியாயம் சொல்வாங்க?"

"சாப்பிடாதவன் எவனாவது இருந்தா நீயே புடிச்சிட்டு வா தம்பி, உக்கார வைக்கிறோம்" என்றார் எனோக்.

யாரும் அகப்படவில்லை. வழக்கு நடந்தது.

"பலகையில உள்ளபடி பேசுறேன்" என்றான் த்ரிப். "கருவி இல்லாத குழி, மூணு நாள். நான் வந்தப்ப கருவி இல்ல. நாலு நாளா நான் தோண்டுறேன், அப்பவும் ஒருத்தரும் வந்து கேக்கல. சட்டப்படி குழி எனக்கு."

"கண்ணு பிடரியிலயா இருக்கு உனக்கு?" என்றார் பர்மீலியா அம்மாள். "நான் ஊனிட்டுத்தான் போனேன். ஆன்சல் மீன் போட்ட மண்வெட்டி. எந்தக் களவாணிப் பய எடுத்தானோ, அவனைப் புடிங்க முதல்ல."

கூட்டம் உறுமியது. மண்வெட்டியைத் திருடுவது என்றால் அந்த மலையில் குதிரையைத் திருடுவதைவிடக் கேவலம். இன்று அந்த அம்மாள் குழி போனால், நாளை எவனும் மண்வெட்டியை நம்பி மலையிறங்க முடியாது.

லெமுவல் எழுந்து நின்றார். புத்தகத்தை ஓங்கி அறைந்தார்.

"கேளுங்கடா எல்லாரும்! ஒரு விதவை மண்வெட்டிமேல கை வைச்சவன் மனுசன் இல்ல. அவன் எவனா இருந்தாலும் சரி, பாதித் தலையைச் சிரைச்சு, கழுதைமேல பின்பக்கமாப் பாத்து உக்கார வச்சு, ஊரைவிட்டே ஓட்டுவேன். இது இந்த லெமுவல் டாகெட் வாக்கு! என் கழுதையையே தரேன். என் கொட்டில்லயே…"

அந்த இடத்தில் வாய் நின்றது.

கொட்டில். சாணம். சுவரில் சாய்த்த மண்வெட்டி. பிடியில் ஒரு மீன்.

நூற்றுநாற்பது பேரும் அடுத்த வார்த்தைக்குக் காத்திருந்தார்கள். லெமுவல் மெல்ல உட்கார்ந்தார். இடது தொடை துடித்தது. புத்தகத்தைத் திறந்தார். விரலை ஓட்டினார். "ம்ம்ம்" என்றார். இன்னொரு முறை "ம்ம்ம்" என்றார்.

"என்ன சொல்லுது பொஸ்தகம்?" என்றார் எனோக்.

"சொல்லுது… நெறையச் சொல்லுது."

"நீங்க படிக்கிறது எனக்குச் சந்தேகமா இருக்கு" என்றான் த்ரிப். "ஸ்பானிஷ் தெரிஞ்ச ஒருத்தர் படிக்கட்டும். இதோ, அந்த சேணக்காரர் இருக்காரே."

செஃபெரினோ முன்னால் வந்தார். லெமுவல் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தார். அந்த முகத்தில் சாணியும் மண்வெட்டியும் எழுதி ஒட்டியிருந்ததாக அவர் பிற்பாடு சொல்வார். புத்தகத்தை வாங்கி, பூசாரி மாதிரிக் குரலைத் தாழ்த்தி, ஒரு பக்கம் முழுக்க ஸ்பானிஷில் நீட்டி முழக்கிப் படித்தார். பலர் தொப்பியைக் கழற்றினார்கள்.

"என்ன அர்த்தம்?" என்றார் எனோக்.

"சட்டம் இப்படிச் சொல்லுது, தோன் எனோக்" என்றார் செஃபெரினோ, லெமுவலைவிட்டுக் கண்ணை எடுக்காமல். "குழியில இருந்த கருவியைத் திருட நெனைக்காம, ஒரு அவசரத்துக்கு எடுத்த ஆளு இருந்தா, அவர் தானா எந்திரிச்சு எல்லார் முன்னாலயும் ஒத்துக்கணும். ஒத்துக்கிட்டா குழி பழைய ஆளுக்கே. ஒத்துக்கலைன்னா," தோளைக் குலுக்கினார், "இந்த பாஸ்டன் ஐயாவுக்கு."

லெமுவல் செஃபெரினோவையும் அவர் கையிலிருந்த புத்தகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

சும்மா இருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. செஃபெரினோ காட்டிக்கொடுக்க மாட்டார். பேஷன்ஸ் வாய் திறக்காது. நாட்டாமைப் பதவி இருக்கும், பீப்பாய் இருக்கும். பன்றித்தொட்டியிலிருந்து ஆரம்பித்துக் கட்டிய இத்தனை வருஷத்துப் பெருமையும் இருக்கும். எதிரே பர்மீலியா அம்மாள் நின்றார். ஒன்பது நாள் நடந்து புழுதி படிந்த பாவாடை. குழி திரும்பும்வரை பிரிக்கமாட்டேன் என்று முதுகிலேயே தூக்கி வந்த ஆப்பிள் மூட்டை. அழவில்லை. மூட்டையின் கயிற்றை மட்டும் இறுக்கி இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"நான்தான்" என்றார் லெமுவல்.

"என்ன நீங்கதான்?" என்றார் எனோக்.

"மண்வெட்டி. நான்தான் எடுத்தேன். இர…" தண்ணீர் குடித்தார். "இரவல். சாணி அள்ள. கொட்டில்ல கெடக்கு."

எல்லா முகமும் கொட்டில் பக்கம் திரும்பியது. பிறகு பின்னாலிருந்து எவனோ, "பன்னித்தொட்டிகூட சொந்தத் தொட்டின்னியேய்யா!" என்று கத்தினான். முகாமே வெடித்துச் சிரித்தது.

த்ரிப் சிரிக்கவில்லை. முன்னால் பாய்ந்து புத்தகத்தைப் பிடுங்கினான். "இருங்க, இருங்க! இவர் படிச்சதுல ஏழு தடவை 'மூலா'ன்னு வந்துச்சு. லத்தீன்லயும் அதுதான் வார்த்தை. கோவேறு கழுதை!" ஒட்டியிருந்த பக்கத்தை நகத்தால் பிரித்து உயர்த்திக் காட்டினான். குடலும் வயிறும் தெரிய ஒரு கழுதை, முகாம் முழுவதையும் பார்த்துக்கொண்டு நின்றது. "பாருங்க! சட்டமாம் சட்டம்! இது மாட்டு வைத்தியம்!"

"கழுதை வைத்தியம்" என்று திருத்தினார் செஃபெரினோ. "நான் படிச்சது வயித்து உப்புசத்துக்கு. நல்ல மருந்து. வெந்நீர், எண்ணெய், அப்புறம் நடக்க விடணும்."

"எவ்வளவு நாளாய்யா தெரியும் உனக்கு?" என்று முனகினார் லெமுவல்.

"பாலைவனத்துல இருந்தே. எங்க நாட்டை எடுக்க வந்தீங்க, கடைசியில எங்க கழுதை வைத்தியத்தைத் தூக்கிட்டு வந்தீங்க. பாவம், அதையாவது வச்சுக்கட்டும்னு விட்டேன்."

"அப்ப இந்தக் கோர்ட்டே பொய்!" என்று கூவினான் த்ரிப். "குழி என்னுது!"

பர்மீலியா அம்மாள் மூட்டையை இறக்கிவைத்துவிட்டு, பலகையைத் தட்டினார். "பொஸ்தகம் பொய்யாவே இருந்துட்டுப் போவட்டும். இந்தப் பலகையைக் கழுதையா எழுதுச்சு? நீங்க நூத்துநாப்பது பேரும் கை தூக்கி எழுதினது. இதுல கருவி இல்லைன்னா குழியை விட்டுட்டுப் போனதா அர்த்தம். நான் விட்டுட்டா போனேன்? உங்க நாட்டாமை தூக்கிட்டுப் போனாரு. நாட்டாமை எடுத்தா எல்லார் குழியும் போவுமா? சொல்லுங்க. சொல்லிட்டு ராத்திரிக்கு என்ன திங்கப் போறீங்கன்னும் சொல்லுங்க."

ஜூரி மரத்துக்குப் பின்னால் போயிற்று. ஒரு குழாய்ப் புகையிலை பற்றவைக்கிற நேரம்கூட ஆகவில்லை, திரும்பிவிட்டது. ஒன்பது நாள் வெறும் பீன்ஸ் தின்றவர்கள்.

"குழி இந்தம்மாவுக்கு" என்றார் எனோக். "த்ரிப் தம்பி நாலு நாள் எடுத்த தங்கம் அவனுக்கே. தெரியாம தோண்டினான், தோண்டுன கூலின்னு வச்சுக்கட்டும். ஆனா மண்வெட்டி எடுத்தவனுக்கு நாட்டாமை ஒரு தீர்ப்புச் சொன்னாரு. அதை என்ன பண்றது?"

கூட்டம் லெமுவலைப் பார்த்தது. தீர்ப்பை மாற்றச் சொல்லிக் கெஞ்சியிருந்தால் மாற்றியிருப்பார்கள். லெமுவல் தொப்பியைக் கழற்றி பீப்பாயின் மேல் வைத்தார்.

"நான் சொன்ன தீர்ப்பை நானே மாத்தினா அப்புறம் என்ன அல்கால்டே? எனோக், உன் கத்தியைத் தீட்டு."

திமிங்கிலத் தோல் உரித்த கத்தியால் பாதித் தலை சிரைக்கப்பட்டது. பேஷன்ஸைக் கொண்டுவந்தார்கள். லெமுவல் தானே ஏறி, வாலைப் பார்த்து உட்கார்ந்தார். "ஓட்டுங்கடா!" என்று அவரே உத்தரவும் போட்டார்.

பேஷன்ஸ் நகரவில்லை.

எனோக் கயிற்றைப் பிடித்து நங்கூரம் இழுக்கிற மாதிரி இழுத்துப் பார்த்தார். நான்கு பேர் சேர்ந்து இழுத்தார்கள். கேரட்டைக் காட்டினார்கள், கேரட்டைத் தின்றுவிட்டு நின்றது. த்ரிப் ஆத்திரத்தோடு பின்னால் போய் இரண்டு கையாலும் தள்ளினான். படித்தவன், ஆனாலும் கழுதைக்குப் பின்னால் நிற்கக்கூடாது என்று எந்தக் கல்லூரியிலும் சொல்லித்தரவில்லை. இடது தொடை. லெமுவலுக்குப் பட்ட அதே இடம். மறுநாள் நொண்டிக்கொண்டே மலையிறங்கிப் போனான். சான் பிரான்சிஸ்கோவில் அதற்கு என்ன கதை கட்டினானோ.

மத்தியானம் முழுக்க லெமுவல் ஓக் மரத்தடியில் கழுதை மேல் பின்பக்கமாக உட்கார்ந்திருந்தார். தண்டனை முடியாமல் இறங்க மறுத்துவிட்டார். நடுவில் இரண்டு பேர் வாய்க்கால் தகராறோடு வந்தார்கள். வேறு அல்கால்டே இல்லாததால் அவரிடமே கேட்டார்கள். புத்தகம் இல்லாமலே தீர்ப்புச் சொன்னார். சரியாகத்தான் இருந்தது. கூட்டம் கை தூக்கிப் பார்த்தபோது, அவரே இருக்கட்டும் என்று நூற்றுமுப்பத்தொரு கை. முதல் தடவையைவிடப் பதினான்கு அதிகம். இதையும் அவர் பிற்பாடு மறக்காமல் சொல்வார்.

பொழுது சாய்கிற நேரத்தில் பர்மீலியா அம்மாள் ஒரு தட்டில் சூடாகப் பை கொண்டுவந்து நீட்டினார்.

"இறங்குங்க அல்கால்டே. கழுதைக்குக் கால் வலிக்கும்."

"தண்டனை முடியலியே அம்மா."

"முடிச்சு வைக்கிறேன். என் மண்வெட்டியைக் கொண்டாந்து கொடுங்க. சும்மா இல்ல, கழுவிட்டு."

இறங்கினார். ஓடையில் முழங்கால் தண்ணீரில் நின்று, மணல் போட்டுத் தேய்த்து, அந்த மீன் பளிச்சென்று தெரிகிறவரை கழுவினார். கொண்டுபோய்க் குழியில் தன் கையாலேயே ஊன்றினார்.

அடுத்த ஞாயிறு பலகையில் ஒரு வரி கூடுதலாக ஏறியது: அல்கால்டேயின் கழுதை மண்வெட்டியைத் தின்றால், அல்கால்டே கையால் சாணி அள்ள வேண்டும். ஒருமனதாக நிறைவேறியது. லெமுவலும் கை தூக்கினார்.

தலைமயிர் வளர்கிறவரை மாலை நேரங்களில் செஃபெரினோ அந்தப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து அவருக்குப் படித்துச் சொன்னார். மூன்று வாரப் படிப்பில் வராத எழுத்து மூன்று மாதத்தில் வந்தது. நான்கு வருஷத்தில் ஓடையில் தங்கம் வற்றி, நூற்றுநாற்பது பேர் முப்பது பேரானார்கள். ஆனால் மலையில் கழுதைக்கு வயிறு உப்பினால், குளம்பு வெடித்தால், அறுபது மைலிலிருந்தும் லெமுவல் டாகெட்டைத் தேடி வந்தார்கள். அவரும் செஃபெரினோவும் சேர்ந்து இருபத்திரண்டு கழுதைகளை ஓட்டி, மேலேயுள்ள முகாம்களுக்கெல்லாம் மாவு சுமந்தார்கள். முதல் மூட்டை எப்போதும் பர்மீலியா அம்மாளின் சாப்பாட்டுக்கடையில்தான் இறங்கும். தங்கம் தோண்டியவர்கள் போன இடம் தெரியவில்லை. கழுதை ஓட்டியவர் கல்வீடு கட்டினார். தலைவாசலில் தன் பெயரைத் தானே கொத்தினார், பெருக்கல் குறியாக அல்ல, முழுப் பெயராக.

அந்தக் கடையில் உட்கார்ந்து, புதிதாக வருகிறவர்களிடம் அவர் சொல்வது மாறவே இல்லை. "இந்த லெமுவல் டாகெட் பொறந்ததுல இருந்து ஒருத்தன்கிட்டயும் ஒண்ணும் இரவல் வாங்கினதில்ல" என்று ஆரம்பிப்பார். பிறகு சமையல்கட்டுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொள்வார். பர்மீலியா அம்மாள் கரண்டியோடு வாசலில் நின்றால், குரலைச் சற்றுத் தாழ்த்திச் சேர்த்துக்கொள்வார்:

"ஒரே ஒரு மண்வெட்டி. அதையும் கழுவிக் கொடுத்துட்டேன்."